வீரையன் வீட்டுக் கொடியில் காய்ந்த புடவைகள்

பூவிழிக்கு வளைகாப்பு நடந்தது சித்திரையில், ஏழாம் மாதம். வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி, கலந்த சோறு கட்டிக்கொடுத்து முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்காகவே அவள் அப்பன் வீரையன் கொரடாச்சேரியில் வேன் பேசி, எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு திருக்கடையூர்ப் பக்கம் போயிருந்தான். திரும்பும்போது பெண்ணுக்கென்று ஜன்னலோரம் விட்டுவைத்த இடம் வெறுமனே வந்தது.

"அனுப்பமாட்டேன்னு சொல்லலைண்ணே" என்றாள் சம்பந்தியம்மா தையல்நாயகி, பந்தலில் எல்லோர் காதிலும் விழும்படி. "உங்க வீட்டுல பொம்பளை யாரு இருக்கா? பெத்தவளுக்குச் சோறு யாரு வடிப்பா? புள்ளைத் துணி யாரு அலசுவா? ஒரு ஆளைக் காட்டுங்க. ஒம்பதாம் மாசம் நானே கொண்டாந்து விடுறேன்."

வீரையன் பந்தலைச் சுற்றிப் பார்த்தான். காட்டுவதற்கு ஆள் இருந்தால்தானே.

வீரையன் எனக்குச் சித்தி மகன். என் அம்மாவும் அவன் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். இருவரையும் இந்த ஊரிலேயே, இதே தெருவிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அடுத்தடுத்த வீடு. அவன் நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். அறுப்புக் காலத்தில் லாரி வந்து நின்றால் முதுகைக் குனிந்து கொடுப்பான். மூட்டை ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு. ஆனால் அடுப்படிக்குள் அந்த உடம்பு ஒருநாளும் நுழைந்ததில்லை. அவன் பெண்டாட்டி வேம்பு நுழைய விட்டதில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னே மஞ்சள்காமாலையில் அவள் போய்ச் சேர்ந்த பிறகு, கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று என்னிடம் வந்து கேட்டவன் அவன். அதற்கப்புறம் கஞ்சியும் கடைத்தெரு இட்லியுமாகத்தான் ஓடியது.

கூடப்பிறந்த அக்காள் ராமாயி பின்தெருவில்தான் இருக்கிறாள். அவள் வந்து ஒரு மாதம் இருந்தால் சம்பந்தியம்மாள் வாய் அடைபட்டுப் போகும். ஆனால் ராமாயி தன் மகனுக்குப் பூவிழியைக் கேட்டிருந்தாள். வேம்பு, தான் உயிரோடு இருந்தபோதே, பெண் தருவதற்கில்லையென்று சொல்லிவிட்டாள். அந்தக் கோபம் வேம்புவைப் புதைத்த பிறகும் ராமாயிக்கு ஆறவில்லை. எனக்கோ முட்டி மடக்க வராது. என் சோற்றையே மருமகள்தான் வடிக்கிறாள்.

வேன் வந்து நின்ற அன்றைக்கே வீரையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பெரியக்கா, மகளிர் குழுக் கட்டடத்துல ஏதோ வகுப்பு நடக்குதாமே?"

நடந்தது. செவ்வாயும் வெள்ளியும் மதிவதனி என்றொரு பெண் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும். ஏதோ தொண்டு நிறுவனமாம். சத்தான சாப்பாடு, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, கிழிசல் தைப்பது, பிள்ளைத்தாய்ச்சியைக் கவனிப்பது, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது என்று சொல்லித் தருகிறார்கள். எல்லாம் இலவசம்.

அந்த இலவசம்தான் ஊருக்கு இடித்தது. சும்மா யாராவது பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து கீரை மசிக்கச் சொல்லித் தருவார்களா? முடிந்த பிறகு மாவு டப்பா விற்பார்கள் என்றார்கள் சிலர். குடும்பக்கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்றார்கள் சிலர். வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் நிற்கவைத்து அது போட்டோ எடுக்கும். அந்தப் போட்டோ எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஒருநாள் வீட்டுத்தோட்டம் போட, "ஆளுக்குக் கொஞ்சம் கொல்லை மண்ணு கொண்டாங்க, எப்படியிருக்குன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். பூமிக்கடியில் எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்காரன் அனுப்பின ஆள் இவள் என்று ராத்திரிக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. அடுத்த வகுப்புக்கு ஒருத்தியும் மண் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனவன் வீரையன் ஒருவன்தான்.

முதல்நாள் அவன் உள்ளே நுழைந்தபோது மதிவதனி பார்த்த பார்வையை என் மருமகள் வந்து சொன்னாள்.

"யாரைக் கூப்பிட வந்தீங்கய்யா?"

"யாரையும் இல்லம்மா. கத்துக்க வந்தேன்."

"இது பெண்களுக்கான வகுப்புங்க."

"வாசல்ல எழுதியிருக்கறதைப் புள்ளைங்களை விட்டு வாசிக்கச் சொன்னேன். பொம்பளைக்குன்னு போடலையாம்."

உட்கார்ந்திருந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "மாமா, யாருக்குப் பொங்கிப் போடப் போறீங்க? ஆளு பார்த்தாச்சா?" என்றாள் ஒருத்தி. "குழுவுல யாரு என்ன பேசுறான்னு கேட்டுட்டுப் போவ அனுப்பியிருப்பாங்கடி" என்றாள் இன்னொருத்தி. அவன் கடைசி வரிசையில், சுவரோரம், காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டான்.

எதற்காகப் போகிறான் என்பது எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் சொல்லித் தொலையேன்டா என்றேன்.

"சொல்லிப்புட்டு, கடைசியில அனுப்பலைன்னா? ஆம்பளை புள்ளைப்பேறு பார்க்கக் கிளம்பினான்னு பேசுவாங்க. அது பூவிழி காதுக்குப் போவும். அது அங்க உக்காந்து அழுவும். வேணாங்க்கா."

அதனால் ஊர் தன் பங்குக்கு நினைத்துக்கொண்டது. வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு போகிறான் என்று கவனித்தார்கள். ஸ்கூட்டி நின்றுபோன ஒருநாள் அதைத் தள்ளிக்கொண்டு மெயின்ரோடு வரைக்கும் போனான், அதையும் கவனித்தார்கள். ராமாயி அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள், உள்ளே வராமல் தெருவில் நின்றபடி.

"ஏண்டா, உனக்கு வெக்கமா இல்ல? பொண்ணு வயித்துல புள்ளையோட உக்காந்திருக்கு. நீ வகுப்புக்குப் போறியாமே, வகுப்புக்கு!"

"ஆமாக்கா. இன்னைக்கு முருங்கைக்கீரை. இருந்து ஒருவாய் சாப்பிட்டுட்டுப் போ."

"உன் கீரையும் வேணாம், உன் டீச்சரும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிறபோதே மூக்கை இழுத்து மோப்பம் பிடித்ததை நான் பார்த்தேன்.

கீரை நன்றாகத்தான் இருந்தது. முதலில் கருகியது, பிறகு குழைந்தது, வைகாசி பிறந்த பிறகு என் மருமகளே கிண்ணத்தை நீட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

வம்பு வந்தது போட்டோவால்தான். பச்சைப்பிள்ளையை எப்படிப் பிடித்துக் குளிப்பாட்டுவது என்று மதிவதனி ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. வீரையன் பொம்மையை மூட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தானாம். "தலைக்குக் கீழ கை குடுங்கய்யா, கழுத்து நிக்காது" என்று அது அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பியது. அந்த நேரம் பார்த்து யாரோ படம் எடுத்துவிட்டார்கள். பொம்மை படத்தில் சரியாக விழவில்லை, கை விழுந்துவிட்டது. ராமாயி மகன் செல்போனுக்கு வந்தது, அவனிடமிருந்து எங்கெங்கோ போய், பூவிழி புருஷன் செல்போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் தையல்நாயகி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போனாள். நான் வேலியோரம் உட்கார்ந்திருந்தேன்.

கொடியில் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. நூல் புடவைகள், நாலைந்து. இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யாரு புடவை இது?"

"வேம்பு புடவைம்மா" என்றேன்.

"செத்துப்போனவ புடவையை ரெண்டு வருசம் கழிச்சு எதுக்குத் தொவைச்சுக் காயப்போடணும்? வரப்போறவளுக்கா?"

அதற்குள் வீரையன் வந்துவிட்டான். கையில் கரண்டி. "வாங்க சம்பந்தியம்மா" என்றான்.

"நான் விருந்துக்கு வரலண்ணே. எங்க அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

அவள் முந்தானையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினாள். அவன் படத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு துணிமூட்டையைத் தூக்கிவந்து அவள் முன்னால் அவிழ்த்தான். சதுரம் சதுரமாகக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்த துணிகள். கோணல் தையல்தான். சிலதில் நூல் முடிச்சு நெல்மணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது.

"புள்ளைக்குப் பழைய நூல் துணிதான் மெத்துன்னு இருக்குமாம். வெந்நியில அலசி வெயில்ல போடச் சொன்னுச்சு டீச்சரம்மா. கொடியில இருக்கறது இன்னும் கிழிக்கணும். ஒரு ஆளைக் காட்டுங்கன்னு சொன்னீங்கல்ல, நான்தான் அந்த ஆளு. வேற யாரும் இல்ல."

தையல்நாயகி ஒரு துணியை எடுத்துத் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். அது பிரியவில்லை. முகம் மட்டும் இளகவில்லை.

"சோத்தைப் போடுங்க" என்றாள்.

முருங்கைக்கீரையும் பயத்தம்பருப்பும், ஒரு முட்டையும். அடுப்படிக்குப் போய் மூடி மூடியாகத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்தாள். பாதியில் தலையைத் தூக்கினாள்.

"உப்பு பத்தலை."

"கொறைச்சுத்தான் போட்டேன்."

"சரி. புள்ளை பெத்து வந்தா என்ன குடுப்பீங்க?"

"பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப்புட்டு. கீரை. முட்டை."

"கீரையா? பெத்தவளுக்கா? சரி, தண்ணி?"

நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கொஞ்சமாகத்தான் கொடுப்பேன் என்று சொல்லடா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் கண்ணில் காட்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. எங்கள் வீட்டிலும் அதே முறைதான். பொய் ஒன்று சொன்னால் பெண் வீடு வந்து சேர்ந்துவிடும். பிறகு நாலு சுவருக்குள் எவ்வளவு கொடுத்தான் என்று யார் அளக்கப்போகிறார்கள்?

அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"காய்ச்சி ஆறவச்ச தண்ணி. கேக்குறப்பல்லாம் குடுப்பேன்."

தையல்நாயகி கையை உதறினாள். "வயிறு பெருத்துரும்ண்ணே! ஊது காமாலை வரும்!"

"வராதாம். தண்ணி குடிக்கலைன்னா பாலு ஊறாதாம். ஆஸ்பத்திரி நர்சம்மாவும் அதான் சொன்னாங்க."

"அந்த டீச்சரு எத்தனை பெத்துருக்கு?"

"அது இன்னும் கல்யாணமே கட்டலை. நீங்கதான் மூணு பெத்திருக்கீங்க. உங்களுக்குத் தாகம் எடுக்கலையா?"

கொல்லையில் கோழி மண்ணைக் கிளறுகிற சத்தம் கேட்டது. அவள் இலையில் மீந்திருந்த கீரையை வழித்துச் சாப்பிட்டாள். எழுந்து கைகழுவினாள். கொடிக்குப் போய்ப் புடவைகளை உருவி, ஒவ்வொன்றாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

"அனுப்புறேன். ஆனா தனியா அனுப்ப மாட்டேன். கூட நானும் வந்து இருப்பேன். உங்களை நம்பி இல்ல. அதை மனசுல வச்சுக்கங்க."

ஆனியில் வேன் வந்தது. பூவிழி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வாசலில் நின்ற அப்பனைப் பார்த்து, "என்னப்பா, எளைச்சுட்டே" என்றாள். அவளுக்குப் பின்னால் தையல்நாயகி இறங்கினாள்: தன் பை, தன் சட்டி, தன் வீட்டுப் பூண்டு எல்லாவற்றோடும். மூட்டை தூக்குகிறவன் அத்தனையையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஊர் அதையும் விட்டுவைக்கவில்லை. புருஷன் இளையபெருமாளைத் தனியாக விட்டுவிட்டு இவள் ஏன் இங்கே வந்து குந்தியிருக்கிறாள் என்று ராமாயி கிணற்றடியில் ஆரம்பித்தாள். அதைக் கண்டுபிடிக்கத்தான் வருகிறேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டு தினமும் வந்தாள். வந்தால் பூவிழி தலையைச் சீவிவிட்டுத்தான் போவாள்.

அரசு ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படியில் ஒரே போர்தான். அவன் கீரை கடைந்தால் இவள் தனியாகப் பூண்டை வதக்குவாள். அவன் மூடிய சட்டியை இவள் திறப்பாள். இவள் திறந்ததை அவன் மூடுவான். அவன் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மட்டும் இவள் குறுக்கே வராமல் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அவன் உள்ளங்கையிலேயே அந்தப் பிள்ளையின் தலை அடங்கிவிடும்.

ஒருநாள் மத்தியானம். வீரையன் கொல்லையில் உட்கார்ந்து பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல வேலியோரம். உள்ளே பூவிழி, "அத்தை, கொஞ்சம் தண்ணி" என்றது கேட்டது. கொல்லைக் கதவு வழியாகத் தையல்நாயகி தெரிந்தாள். சொம்பை எடுத்தாள். டம்ளரில் விளிம்பு தளும்ப ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வீரையன் தலையைக் குனிந்து துணியைப் பிழிந்தான்.

"கொஞ்சமாத்தான்ண்ணே குடுத்திருக்கேன்" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள்.

"சரிங்க சம்பந்தியம்மா" என்றான் இவன்.