ஆற்றை வெளியே விட்டு நான் போட்ட கோடு

அன்று காலை வெருகல் ஆற்றுக்கு இப்பாலுள்ள மேட்டில் நின்றவர்கள் மாமி, அம்மா, நான். மாமா இல்லை. அவருடைய மாடுகளும் இல்லை. முந்தைய நாள்வரை புல்வெளியாகக் கிடந்த இடத்தில் மண்ணிறத் தண்ணீர் சத்தமில்லாமல் அகன்றுகொண்டிருந்தது. சத்தம் இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மாமாவின் தொலைபேசியை அழைக்க அழைக்க, தொடர்புகொள்ள முடியாதென்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் பொறுமையாகச் சொன்னது.

அந்தத் தாழ்நிலத்தை நாங்கள் வில்லு என்போம். மாரியில் அது குளமாகிவிடும்; வெள்ளம் வடிந்த பின் கோடை முழுவதும் மாடுகளுக்குப் புல் தரும். காலநிலை மாறிவரும்போது அந்தப் புல்லும் மண்ணும் மழைநீரை எப்படி வாங்கி, எத்தனை நாள் வைத்திருக்கின்றன என்பதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவின் தம்பியான மாமா தன் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்திலேயே கருவிகளைப் புதைக்க இடம் காட்டி, மாடு மிதிக்காமல் முள்வேலியும் அடைத்துத் தந்தார். நான் குந்தியிருந்து மண்ணின் ஈரம் பார்க்கும்போது பின்னால் வந்து நிற்பார்.

"என்ன மருமகன், மண்ணுக்கு இண்டைக்குக் காய்ச்சல் எப்பிடி?"

கேலி செய்தாலும் நான் சொல்லும் எண்ணை மனதில் வைத்துக்கொள்வார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மழை தொடங்கிய கிழமை நான் பட்டணப் பக்கம், பாலையூற்றில் வாடகை அறையில் இருந்தேன். மாமா அழைத்தார்.

"மருமகன், மாட்டை மேட்டுக்கு ஏத்தவோ, இன்னும் கிடக்கட்டோ?"

சும்மா கேட்ட கேள்வியில்லை அது. மேட்டு வயல்களெல்லாம் விதைத்தாகிவிட்டது. அங்கே ஒரு மாடு வாய்வைத்தாலும் கதை பொலிஸ் வரை போகும். மிஞ்சியது பற்றைக்காடுதான். முந்தைய வருடம் அவசரப்பட்டு அங்கே ஏற்றியதில், புல்லில்லாமல் கன்றுகள் ஒவ்வொன்றாகப் படுத்து எழும்பவில்லை. கருவிகள் அனுப்பிய எண்களைக் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"மண் இன்னும் காய்ஞ்சுதான் கிடக்கு மாமா. இந்த மழையைக் குடிச்சிடும். மூண்டு நாள் நிக்கலாம்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் மாமா."

கணக்கில் பிழையில்லை. எங்களுக்கு மேலே பெய்த மழையை மண் குடிக்கத்தான் செய்தது. ஆனால் மலைநாட்டில் கொட்டிய மழையும் மேலே திறந்துவிட்ட குளங்களும் சேர்ந்து ஆறு கரைமீறி வந்தது. ஆறு பெருகும் என்று தெரியாதவனா நான்? ஆய்வு சிக்கலாகிவிடும் என்று ஆற்றை எல்லைக்கு வெளியே விட்டுக் கோடு போட்டதே நான்தான். அப்படி ஒரு கோடு இருப்பதை மாமாவிடம் சொல்லவில்லை. பிறந்த நாளிலிருந்து பார்த்த ஆற்றை விட்டுவிட்டு அவர் என் பேச்சைக் கேட்டார்.

"மனுசன் ஞாயிற்றுக்கிழமையே ஏத்த வெளிக்கிட்டது," என்றார் மாமி, தண்ணீரைப் பார்த்தபடி. "நீங்கள் சொன்னீங்களெண்டுதான் நிண்டது."

"இப்ப உந்தக் கதை வேண்டாம்," என்றார் அம்மா.

கறுப்பாக எது மிதந்து வந்தாலும் அது ஒரு தலை என்றே எனக்குத் தெரிந்தது. மரக்கட்டை என்று உறுதியாகும்வரை மாமி கண் இமைக்காமல் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

பின்னேரம் மூதூர்த் தோணிக்காரர் ஒருவர் மாமாவைக் கொண்டுவந்து இறக்கினார். விடியலிலிருந்து மருதமரத்தில் ஏறி இருந்திருக்கிறார். கைகள் மரத்தை இன்னும் பிடித்திருப்பதுபோல மடங்கியே கிடந்தன. நடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மருமகன் சொன்னது மேலால வாற தண்ணிக்கு. இது பக்கத்தால வந்தது."

எனக்காக நியாயம் தேடித் தந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதைத்த கருவி, தண்ணீரில் மூழ்கிச் சாகும்வரை ஒவ்வொரு நிமிடத்தையும் பதிந்து வைத்திருந்தது. வெள்ளம் புகுந்த நேரத்தைக் காட்டும் அந்த வரைபைப் பரீட்சகர்கள் பாராட்டினார்கள். எனக்குப் பட்டம் கிடைத்தது. இப்போதும் மாரிக்கு முன் மாமா அழைக்கிறார். "எனக்குத் தெரியாது மாமா, இப்பவே ஏத்துங்கோ," என்பேன். "படிச்ச நீங்களே தெரியாதெண்டா?" என்று சிரிப்பார்.

ஏற்றுவதற்கு அவரிடம் மிஞ்சியிருப்பவை ஏழு. முப்பத்தாறு மாடு போயிற்று. கன்றுகளை எண்ணவேண்டாமென்று மாமா சொல்லிவிட்டார்.