கூடையில் வந்த முனியாண்டி

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு சிறிய மண் அணை இருக்கிறது. அதன் கரையில் வளர்ந்த பெரிய மரத்தடியில் முனியாண்டிக் கல்லை வைத்துக் கும்பிட்டு வந்தோம். போன மழைக்கு அந்த மரத்தின் வேரோரமாகத் தண்ணீர் கசியத் தொடங்கியது.

"வேர் கரைக்குள்ள போயிருச்சு. மரத்தை எடுக்காட்டி கரை உடையும், மொதல்ல உங்க லயம்தான் போகும்" என்றார், பார்க்க வந்த அதிகாரி. யாரும் அசையவில்லை. சாமி மரத்தில் கோடாரி வைக்கப் பயம்.

நான் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவள். அன்று எப்படியோ, "சாமிய நம்ம லயத்துக்குக் கொண்டுபோயிருவோங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அடியே, ஒனக்குப் பேச வருமா?" என்று பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா சிரித்தார். "யாரு தூக்குறது, நீயா? பொம்பளையா சாமிய தூக்குறது?"

"நான் தூக்குறேங்க்கா."

மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டேன். கழுவிய கொழுந்துக் கூடையில் கல்லை வைத்து முதுகில் மாட்டினேன். பாதி வழியில் பாரம் குறைந்ததுபோல் இருந்தது. திரும்பினால், செல்லம்மாக்கா கூடையின் அடியைத் தாங்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஆண்கள் கோடாரியை எடுத்தார்கள். அணைத் தண்ணீரை இறக்கி, வேரைத் தோண்டி, அந்தக் குழியில் மண்ணை இடித்து இறுக்கினார்கள்.

இந்த மழைக்கு அணை நிறைந்திருக்கிறது, கசிவு இல்லை. லயத்து வாசலில் இருக்கும் முனியாண்டியை "இவ கொண்டாந்த சாமி" என்கிறார்கள். அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லமாட்டார்களா என்று இருக்கும்.