மகள் ஒரே ஒரு தடவை தட்டினாள்

கச்சேரி நடுவே எழுந்து நின்று, பெற்ற மகளுக்கே தாளம் தட்டச் சொல்லிக் கொடுத்த மடையன் நான்.

பல்லேகலயில் ஆகஸ்ட் விடுமுறையில் நடந்த மேல்நாட்டு இசைக்குழுப் பயிற்சியின் கடைசி நாள் கச்சேரி அது. வயலின்களுக்குப் பின்னால், பெரிய பித்தளைத் தாளங்களோடு மகள் அசையாமல் நின்றாள். நானோ கோயில் பஜனையில் கை ஓயாமல் தாளம் போடுகிறவன். பிள்ளை பயத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, "தட்டும்மா!" என்று கத்தியே விட்டேன்.

அவள் திரும்பவில்லை. கண் இசைக்குழுவை நடத்தும் மாஸ்டரின் கோலிலேயே இருந்தது. உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன. வயலின்கள் மெல்ல மெல்ல ஏறி உச்சிக்கு வந்ததும், ஒரே ஒரு தடவை தட்டினாள். மண்டபமே விடிந்ததுபோல் இருந்தது. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "எனக்கு இருந்ததே அந்த ஒரு அடிதாம்ப்பா. அதையும் கெடுக்கப் பாத்தீங்க. அடுத்த வருஷம் அம்மா மட்டும் வரட்டும்."