காது ஆறும் வரை

அம்மா கைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டதுதான் முதல் அறிகுறி. அப்போது அது எனக்கு அறிகுறியாகத் தோன்றவில்லை. நான் தாம்பரத்தில் கல்லூரி விடுதியில் தங்கி இலக்கியம் படிப்பவள். வார இறுதிகளில் மட்டும் நாவலூரிலுள்ள வீட்டுக்குப் போவேன். அப்பா கை நீட்டுபவர். எங்கள் மூவருக்கும் தெரிந்த, மூவரும் பேசாத செய்தி அது.

அந்த வீட்டில் தாழ்ந்த குரலில் பேசுவதே வழக்கம். அம்மாவின் இடப்புறமிருந்து நான் கேட்ட கேள்விக்குப் பதில் வராதபோது, பேச விருப்பமில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன். மௌனம் அங்கே அவ்வளவு இயல்பாக இருந்தது. ஒரு செவியின் குறைபாடு அந்த மௌனத்துக்குள் பல வாரங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

தலையணை உறையில் மஞ்சள் கறையைப் பார்த்த பிறகுதான் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவின் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டு, "காதுல ஏதாவது விட்டீங்களாம்மா?" என்றார்.

"பட்ஸ் போட்டேன் டாக்டர். கொஞ்சம் ஆழமா போயிடுச்சு."

"சரி. அதுக்கப்புறம்?"

"வலிச்சுது. பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய் விட்டேன்."

"எண்ணெய் வாணலிக்கும்மா. காதுக்கு இல்ல."

செவிப்பறையில் (வெளிக்காதுக்கும் நடுக்காதுக்கும் இடையே உள்ள மெல்லிய சவ்வு) துளை விழுந்திருந்தது. இத்தகைய கிழிசல், உலர்வாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளுமாம். எண்ணெய் அந்த வாய்ப்பைக் கெடுத்து, சீழ் வைக்கச் செய்திருந்தது. இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் காதில் அடிபட்டிருந்தால், தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். பஞ்சால் மூடிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

முதலில் சீழ் வற்ற வேண்டும். பிறகு டிம்பனோபிளாஸ்டி (கிழிந்த செவிப்பறைக்கு ஒட்டுப் போடும் அறுவை சிகிச்சை). அதன் பின் தண்ணீர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. மருத்துவர் இவற்றைச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடி, "இந்தப் பக்கம் இன்னொரு அடி விழக்கூடாது. விழுந்தா ஒட்டு நிக்காது" என்றார்.

"பட்ஸ்தான் டாக்டர்."

"பட்ஸ்னே வச்சுக்குவோம். அந்த பட்ஸ் இருக்கற வீட்ல இருக்காதீங்க."

வெளியே நடைகூடத்தில் அம்மா மருந்துச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "லட்டுவ என்ன பண்றது?" என்று கேட்டார்.

லட்டு எங்கள் நாய். குட்டியாகத் தெருவில் கிடந்தவனை அம்மா எடுத்து வளர்த்தார். பின்னங்கால் ஒன்றைச் சற்றே தூக்கியபடி நடப்பான். அம்மா வீட்டை விட்டுப் போனால் அவனைச் சாக்கில் கட்டிச் சதுப்பு நிலத்தில் எறிந்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்யக்கூடியவர் என்பதை அம்மா அறிவார். ஆகவே ஒரு செவியின் சிகிச்சை, நாய்க்கும் இடம் தரும் ஒரு கூரையைக் கண்டுபிடிப்பதைப் பொறுத்ததாயிற்று. இந்தத் தொடர்பு எந்த மருத்துவ நூலிலும் இருக்காது என்று அப்போது எண்ணினேன்.

நான் தொலைபேசியில் கேட்ட பெண்கள் இல்லங்கள் எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை. "மனுஷங்களுக்கே இடம் பத்தல மேடம்" என்றார் ஒருவர். அதில் தவறும் இல்லை. கடைசியில் என் பேராசிரியை ஒருவர் ஓர் இல்லத்தைப் பற்றிச் சொன்னார். அடிபட்டு வரும் பெண்களையும் தங்க இடமில்லாதவர்களையும், அவர்கள் வளர்க்கும் பிராணிகளோடு சேர்த்துக்கொள்வார்களாம். அதன் முகவரியை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் எங்கோ என்று மட்டும் எழுதலாம்.

அப்பா அலுவலகத்தில் இருந்த ஒரு மதியத்தில் ஆட்டோவில் கிளம்பினோம்.

"நாய் கடிக்குமாக்கா?" என்று ஓட்டுநர் அம்மாவிடம் கேட்டார்.

"கடிக்காதுப்பா. குரைக்கக்கூட மாட்டான்."

"அப்புறம் எதுக்கு நாய்னு பேரு?"

அன்று அம்மா சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் பிராணியைத்தான் பரிசோதிப்பார்கள். வந்த பெண்ணிடம் எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். வாரத்தில் சில நாட்கள் வரும் கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். லட்டுவை மேசையில் ஏற்றிக் காலைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்போ உடைஞ்சது ஆன்ட்டி?"

"போன ஆடில."

"எப்படி?"

"அவர் ஷூ காலால எட்டி உதைச்சாரு. இவன் சோபாவுக்கு அடியில போகப் பார்த்தான். அதுக்குள்ள ரெண்டாவது உதை." அம்மா தயங்காமல் சொன்னார். எந்த அறை, எந்தக் கால், பிறகு எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தான் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"மூணாவது உதை விழலையா?"

"நான் நடுவுல போயிட்டேன்."

"உங்களுக்கு எங்க பட்டுது?"

அம்மாவின் கை இடது காதுக்குப் போனது. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

மருத்துவமனையில் பட்ஸ் என்று சொன்னவர், ஒரு நாயின் காலைப் பற்றிக் கேட்டபோது முழுவதையும் சொல்லிவிட்டார். இதைப் பற்றி இன்றும் யோசிக்கிறேன். தன்மீது விழுந்த அடிக்கு அவரிடம் சொற்கள் இல்லாமலில்லை. அவற்றைத் தனக்காகச் செலவிட அவருக்குப் பழக்கமில்லை. பிராணியை முதலில் பரிசோதிக்கும் அந்த வழக்கத்தை வகுத்தவர் யாரென்று கேட்டேன். இல்லப் பொறுப்பாளர் ஸ்டெல்லா அக்கா, "யாரும் வகுக்கலம்மா. பொம்பளைங்க கிட்ட இன்னா ஆச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. பூனைக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டா மணிக்கணக்கா சொல்லுவாங்க" என்றார்.

இன்னொன்றும் என்னை வியக்க வைத்தது. அத்தனை நாய்கள் இருந்தும் குரைப்பொலி அரிதாகவே கேட்டது. மாலையில் தெருவில் பைக் சத்தம் வந்தால் புதிதாக வந்த பெண்கள் தங்கள் நாயின் வாயைக் கையால் பொத்திக்கொள்வார்கள். அம்மாவும் அப்படித்தான். அப்பா வரும் நேரத்தில் நாய் குரைத்தால் அதுவே ஒரு காரணமாகிவிடும். அந்த அச்சம் அவர் கைக்குள் தங்கிவிட்டிருந்தது.

"இங்க வர்ற நாயெல்லாம் வாய மூடிகினுதான் வரும்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "கத்த ஆரம்பிச்சா, சரி தேறிடுச்சுன்னு நாங்க நெனச்சுப்போம். பக்கத்து வூட்டு சாருக்குத்தான் பேஜாரு."

அறுவை சிகிச்சை எளிதாகவே முடிந்தது. காதுக்குப் பின்னாலிருந்து தசையுறையை (தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம்) சிறிதளவு எடுத்துத் துளையின்மேல் ஒட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்டது, லட்டு சாப்பிட்டானா என்று. ஸ்டெல்லா அக்கா அனுப்பிய காணொளியில் அவன் தட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

காதுக்குள் பஞ்சு அடைத்திருந்த வாரங்களில் அம்மா தன் உடலின் ஒலிகளைக் கேட்கத் தொடங்கினார். "ரஸ்க் தின்னா இடி விழற மாதிரி கேக்குது. என் பேச்சு எனக்குள்ளயே சுத்துது" என்பார். வெளியொலி குறையும்போது எலும்பின் வழியே வரும் ஒலி ஓங்கும் என்று படித்தறிந்து சொன்னேன். அவர் சற்று யோசித்து, "இத்தன நாளும் பேசினது நானேதானா?" என்றார். அது வேடிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு காலையில் தண்ணீர் லாரி வந்தது. அம்மா வாசலுக்கு இடப்புறம் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லட்டு எழுந்து குரைத்தான். ஒருமுறை, பிறகு தொடர்ந்து. லாரி இரைச்சலில் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தாடை அசைவதைத்தான் கண்டார். "குரைக்கிறானா?" என்று என்னிடம் கேட்டபடியே அவர் கை அவன் வாயை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. பிறகு கீரைக்குத் திரும்பியது.

மாடியிலிருந்து ஸ்டெல்லா அக்காவின் குரல்: "யாரு அது, நம்ம லட்டா? போச்சு. சாருக்கு நான் பதில் சொல்லணும்."

இதற்கிடையே மாமா (அம்மாவின் அண்ணன்) அடிக்கடி தொலைபேசியில் அழைத்தார். "ஒரு நாய்க்காக எவளாவது குடும்பத்த விட்டுட்டு வருவாளா வசந்தி? ஊர் சிரிக்கும்."

"காது ஆறட்டும் அண்ணா" என்பார் அம்மா.

இந்தப் பதிலை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அப்பாகூட ஏற்றுக்கொண்டதாக மாமா சொன்னார். ஒரு காதுக்குக் கிடைத்த மரியாதை அந்தக் காதுக்கு உரியவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ வேறு பயம்: காது ஆறிவிட்டால் அம்மா என்ன சொல்வார்?

ஆறிவிட்டது. கடைசிப் பரிசோதனையில் மருத்துவர், "ஒட்டு நல்லா பிடிச்சிருக்கு" என்றார். ஆடியோகிராமில் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்பதைக் காட்டும் வரைபடம்) மிக மெல்லிய கீச்சொலிகள் மட்டுமே விடுபட்டிருந்தன. நான் மகிழ்ந்தேன். அம்மா மகிழவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு எழுதித் தர முடியுமா டாக்டர்?"

இம்முறை மருத்துவர் அம்மாவைப் பார்த்தே பேசினார். "ஆறினத ஆறலன்னு எழுத முடியாதும்மா. நீங்க எங்க இருக்கணுங்கறதுக்கு என் சீட்டு எதுக்கு?" பிறகு, பேச்சை மாற்றுவதுபோல, "ஒரு காதால சத்தம் கேக்கும். எந்தத் திசைன்னு தெரிய ரெண்டு காதும் வேணும். மூளை அத மறந்திருக்கும், மெதுவா பழகிடும்" என்றார்.

மறுபுறம் போய்ப் பேருந்து பிடிக்க, அம்மா தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் எனக்கு முன்னால் ஏறினார். நடுவழியில் நின்று, அவராகவே மாமாவை அழைத்தார்.

"ஆறிடுச்சுண்ணா... ஆமா, நல்லா கேக்குது... இல்லண்ணா, நான் வரல." மாமா நீளமாக ஏதோ சொன்னார். அம்மா முழுவதையும் கேட்டார். "நாய்க்காக வெளிய வரலண்ணா. நாய்க்காகத்தான் இவ்ளோ வருஷம் அங்க இருந்தேன்."

வைத்துவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, பெரும்பாக்கம் பக்கம் வாடகைக்கு ஓர் அறை பார்க்க வேண்டும், நாய் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்றார்.

பிறகு கண்களை மூடிக்கொண்டார். "இரு. எந்தப் பக்கத்துலேர்ந்து ரயில் வருதுன்னு சொல்றேன்."

காத்திருந்தோம். கீழே பழ வியாபாரிகளின் கூவலும் ஒலிபெருக்கி அறிவிப்பும் கலந்து எழுந்தன. "பெருங்களத்தூர் பக்கம்" என்று தெற்கே கைகாட்டினார். ரயில் வடக்கே சானடோரியம் பக்கமிருந்து வந்து எங்களுக்குக் கீழே நுழைந்தது. நாங்கள் பிடிக்க வேண்டிய பேருந்தும் அதற்குள் கிளம்பியிருக்கும்.

அம்மா கண்களைத் திறந்து பார்த்தார். தப்பாகப் போனதில் அவருக்கு வருத்தமில்லை. "இன்னொரு தடவ" என்று மறுபடி மூடிக்கொண்டார். அந்த ரயில் போயிற்று. அடுத்ததும் போயிற்று. எங்கே போனாய், ஏன் தாமதம் என்று கேட்க யாரும் இல்லாத ஒரு பிற்பகலில், தலையை மெல்ல ஒருபுறமும் மறுபுறமும் சாய்த்து, அம்மா திசைகளைக் கற்றுக்கொண்டிருந்தார்.