முகத்துவாரத்தில் கழி நடுகிறவன்

முகத்துவாரத்தில் கழி நட்டு விளக்கு கட்டுகிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: நேற்று நட்ட கழி இன்றைக்கும் நின்ற இடத்தில்தான் நிற்கும், ஓடைதான் அங்கே இருக்காது.

ராத்திரி வேலை பார்க்கிற வாட்ச்மேன்களே, நர்ஸம்மாக்களே, லாரிக்காரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். பழவேற்காடு ஏரி கடலில் சேருகிற வாசலில் எனக்கு வேலை. தென்னல் காற்று வீசுகிற மாசங்களில் கடல் தெற்கே கரையை அரித்து, அந்த மணலைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டும். படகு போகிற ஓடை தினமும் கொஞ்சம் விலகும். சாயங்காலம் நீர் வற்றும்போது இடுப்பளவு தண்ணீரில் நடந்து, மூங்கிலால் ஆழம் குத்திப் பார்த்து, ஓடைக்கு இரண்டு பக்கமும் கழி நடுவேன். கடலுக்குப் போன படகுகள் விடியுமுன் அந்த விளக்குகளுக்கு நடுவே உள்ளே வரும். பகலில் தூக்கம் பிடிக்காது. பிடித்தாலும் மணல் சரிகிற கனவு.

போன வருஷம் நாங்கள் எல்லாரும் தனபாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தெற்குக் குப்பத்துக்காரன். வீட்டைக் கடல் தின்றுவிட்டது, மிச்சம் ஒரு படகு. வாசல் அடைந்துபோனால் அதை விற்றுவிட்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான்.

முறை நாள்

ஏரிக்குள் இறால் வலை போடுகிற இடத்தைப் பாடு என்போம். எந்த நாள் யாருக்கு எந்தப் பாடு என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். தனபால் கூட்டத்துக்கு அந்தத் தடவை வாசலை ஒட்டிய பாடு விழுந்தது. அது நல்ல பாடாக இருந்தது ஒரு காலம். இவர்களுக்கு விழுந்தபோதோ அங்கே ஆடு மேயலாம், அவ்வளவு மணல்.

பொழுது சாய தனபாலும் கூட்டாளிகளுமாக ஆறு பேர் வலையோடு வந்தார்கள். மணல்மேல் வலையை வைத்துவிட்டு வரிசையாகக் குந்திக்கொண்டார்கள். நான் விடியற்காலை கழிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், அப்படியே இருக்கிறார்கள். "இன்னாடா இது, காய்ஞ்ச மண்ணுல எதைப் புடிக்கறீங்க?" என்றேன். தனபால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான்.

"தண்ணி வரலன்னா அது தண்ணியோட தப்புண்ணா. நாங்க வரலன்னா முறையை வுட்டுட்டோம்னு ஆயிடும்."

என் தப்பு

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஆடி மாசம் ஒரு சாயங்காலம் காய்ச்சல். ஆழம் குத்திப் பார்க்காமல், முந்தின நாள் கழிகளிலேயே விளக்கைக் கட்டிவிட்டு வந்து படுத்துவிட்டேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. தெற்குப் பக்கத்து மணல் நாக்கு ஒரே நாளில் கழியைத் தாண்டி நீண்டிருந்தது. தனபாலின் படகு என் விளக்கை நம்பி வந்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நீர் ஏறுகிற வரைக்கும் தள்ளினோம். நகரவில்லை. வெயில் ஏறியது, பிடித்து வந்த கவளை மீன் எல்லாம் கண் வெளுத்தது. தனபால் மீனை நிழலுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். டவுனிலிருந்து வண்டியோடு வந்து கரையில் காத்திருந்த ஐஸ் வியாபாரி பாய்தான் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டார்.

"மீனு கெட்டா நான் ஐஸ் போடுவேன். உன் கழி கெட்டா இன்னாத்த போடறதுபா?"

மேட்டுக்குப் பட்டா

தனபாலின் பெண்சாதி சாந்திக்குப் பகலில் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. என்னைப் போலத்தான். வாசலோரம் விளக்கும் கழியும் வைத்திருக்கிற என் குடிசையைச் சுற்றி வளர்ந்துகொண்டே வந்த மணல்மேட்டில் நடந்துகொண்டிருப்பாள். ஒரு நாள் நீலச் சுண்ணாம்பு ஒட்டின காரைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். தன் வீட்டுச் சுவர் என்றாள். யார் வீட்டுச் சுவர் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் கரையில் பாதி வீடு நீலம். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தெற்கே அவள் வாசலிலிருந்து போன மண்தானே இங்கே மேடாகியிருக்கிறது, அப்படியானால் மேடு அவளுடையதுதானே?

டூட்டி முடித்த கையோடு அவளோடு பொன்னேரிக்குப் போனேன், சாட்சிக்கு. தாலுகா ஆபீஸில் ஒருவர் மனுவை இரண்டு தடவை படித்தார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

"யம்மா, நெலம்னா அது ஒரு எடத்துல இருக்கணும்மா."

நேர்கோடு

ஆவணியில் வாசலைத் தோண்ட பொக்லைன் வந்தது. கூடவே வந்த மேஸ்திரி வரைபடத்தில் ஏரியிலிருந்து கடலுக்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தோண்டின மணலை ஓடையின் தெற்குக் கரையில் மலைபோலக் குவித்தார்கள். நான் பழைய பேப்பர் கடையில் வாங்கின பூகோளப் புத்தகத்தை இருபது தடவை படித்தவன். அந்த மெதப்பில், "சார், நீரோட்டம் தெற்கேயிருந்து வருது, கொட்டற மண்ணு திரும்ப உள்ள வந்துடும்" என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும்.

ஐந்தாம் நாளே மணல் திரும்பி வந்து, தோண்டின கால்வாயில் முழங்கால் தண்ணீர்தான். சேலத்திலிருந்து வந்திருந்த டிரைவர் என் குடிசையில் டீ குடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தான்.

"தோண்டறது நான்னு தெரியுதுங்க. மூடறது யாருன்னுதான் தெரியல."

உடைந்த இடம்

புரட்டாசியில் வாசல் சுத்தமாக அடைந்துபோனது. படகுகள் எல்லாம் ஏரிக்குள்ளே. எனக்கும் கழி நட ஓடை இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், குடிசையில்தான் ராத்திரி. ஆரம்பாக்கத்திலிருந்து ஒருவர் தனபாலின் படகைப் பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

புதன்கிழமை மழை பிடித்தது. மூன்று நாளில் ஆறுகள் ஏரியை ரொப்பிவிட்டன. ஏரி உயர்ந்து, கடல் வற்றுகிற நேரம் பார்த்து மேட்டில் ஒரு முழ அகலம் வெட்டிவிட்டால் போதும், மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். சனிக்கிழமை ஊரே மம்முட்டியோடு வந்தது. எங்கே வெட்டுவது என்பதில்தான் சண்டை. பழைய ஓடை இருந்த இடம்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். சாந்தி என் குடிசையைக் காட்டினாள். "இங்கதாண்ணா காலு பொதையுது. மாசக்கணக்கா நடந்தவ சொல்றேன்."

"அது மேடும்மா, மேட்டுல எவனாவது வெட்டுவானா?" என்றேன். உயரமாக இருந்தால் கெட்டியாக இருக்கும் என்று எனக்கு நினைப்பு. சொந்தக் குடிசை என்கிற நினைப்பும் இல்லாமல் இல்லை. நான் சொன்ன இடத்தில் ஊர் மத்தியானம் வரை வெட்டியது. அடியில் மண் இறுகிக் கிடந்தது. தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. சாந்தி யாரிடமும் கேட்காமல் குடிசைப் பக்கம் போய்த் தனியாக வெட்ட ஆரம்பித்தாள். பிறகு தனபால் போனான். அப்புறம் எல்லாரும் போனார்கள், கடைசியாக நானும்.

முதலில் கயிறு தடிமனுக்குத் தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கை அகலம், அப்புறம் ஆள் அகலம். பிறகு இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாகச் சரிந்து விழுகிற சத்தம். குடிசை ஒரு தரம் சாய்ந்தது, சொல்லிக்கொள்ளாமல் போனது. விளக்குகள், கழிக்கட்டு, பூகோளப் புத்தகம், எல்லாம். சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு அழத் தோன்றவில்லை, உட்காரத்தான் தோன்றியது.

மறுநாள் வேகம் தணிந்ததும் முதல் படகாக தனபால் போனான். ஆரம்பாக்கத்துக்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். புது வாசலுக்கு நடுவில் தனபால் எஞ்சினைக் குறைத்து, என் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"ண்ணா, கழி ஒண்ணும் காணோமே, எந்தப் பக்கம்ணா போறது?"

ஆக, மணலும் தண்ணீரும் தங்களுக்குள் பேசி முடிவெடுத்த பிறகு அதை ஊருக்கு விளக்குப் போட்டுத் தெரிவிப்பதுதான் என் உத்தியோகம்.