ஒரு வார்த்தை பேசிக்கட்டுமா டீச்சர்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வீடு அரியலூரில். தினமும் பஸ்ஸில் வந்து, நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை தொண்டை வறளக் கத்திவிட்டுத் திரும்புவேன்.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். வாயைத் திறந்தால் முழு வாக்கியம் வர வேண்டும். எழுவாய், வினை எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். பாதியில் விட்டாலோ, முன்னே பின்னே மாற்றிச் சொன்னாலோ, எழுந்து நின்று மூன்று தடவை சரியாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காரலாம். "இந்த டீச்சர்கிட்ட தப்பிக்கவே முடியாதுடி" என்று பிள்ளைகள் கிசுகிசுப்பது காதில் விழும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். எம்.ஏ. இங்கிலீஷ் படித்த திமிர் என்று நீங்கள் சொன்னாலும் கோபப்பட மாட்டேன். அதுதான் உண்மை.

நர்சிங் முடித்த பெண்கள், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் என்று பதினைந்து பேர். அவர்களுக்கு நடுவே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. பக்கத்துக் கிராமத்தில் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். எட்டாவது வரை படித்தவர். காட்டு வேலையை முடித்து, குளித்து, பஸ் பிடித்து வருவார். அப்படியும் அவர் நோட்டைத் திருத்த வாங்கினால் வெங்காய வாசம் வரும்.

சேர வந்த அன்றைக்கே, "எதுக்குக்கா இந்த வயசுல இங்கிலீஷ்?" என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய மகன் அயர்லாந்தில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டான். முதலில் கொஞ்ச நாள் மனஸ்தாபம் இருந்து, பிறகு சரியாகிவிட்டது. இப்போது அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். "எம்புள்ளய நடுவுல வச்சிக்கிட்டு பொம்பளைங்க சமாச்சாரம் எப்படிங்க பேசுறது? அவகிட்ட நானே நாலு வார்த்த பேசணும் டீச்சர். அது போதும்" என்றார்.

நானும் சரி என்று சேர்த்துக்கொண்டேன். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டேன். நான் சொல்லும் வரை மருமகளிடம் அரைகுறையாக எதையும் பேசக்கூடாது, தப்பாகப் பேசிப் பழகினால் நாக்கு அப்படியே படிந்துவிடும் என்றேன். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வீடியோ காலில் மகன் போனை மனைவியிடம் கொடுத்தால், இவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வாராம். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

நான் சொல்ல வந்த அந்தச் சாயங்காலம் அக்காவின் முகம் வாடிக் கிடந்தது. வகுப்பு தொடங்கும் முன் என் மேஜைக்கு அருகே வந்து நின்றார். "நேத்து எம்புள்ள சொல்றான், அம்மாவுக்கு என்னயப் புடிக்கலயான்னு கேட்டு அவ அழுவுறாளாம். தப்பா இருந்தாலும் பரவால்ல, ஒரு வார்த்த பேசிக்கட்டுமா டீச்சர்?"

இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. பெற்ற தாய்க்குச் சமமான ஒருவர், தன் மருமகளிடம் பேச என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் பத்து நாள்ல பாஸ்ட் டென்ஸ் முடிஞ்சிடும்க்கா. அதுவரைக்கும் பொறுங்க." அவரும் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஐந்தரை மணி இருக்கும். அக்காவின் போன் அடித்தது. வீடியோ கால். எடுத்துப் பார்த்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையில் மருமகள். பக்கத்தில் மகன் இல்லை. அவளாகவே கூப்பிட்டிருக்கிறாள். "ஐயோ, நீங்களே பேசுங்க டீச்சர்" என்று போனை என் கையில் திணித்துவிட்டார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் இன்னார், உங்கள் மாமியார் என் மாணவி, உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி என்று புத்தகத்தில் இருப்பதைப் போல மூன்று வாக்கியம் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் சுருங்கிப் போனது. ஏதோ ஆபீசில் மாட்டிக்கொண்டவள் மாதிரி மிரண்டாள். அழுது வீங்கிய கண்கள். அவள் பேச ஆரம்பித்தாள். "ஸாரி... ஜஸ்ட் மீ. பேக் கில்லிங் மீ. கான்ட் ஸ்லீப். மை மம், ஷீ இஸ் கான், யூ நோ." முதுகுவலி தாங்கவில்லை, தூக்கம் இல்லை, பெற்ற அம்மாவும் உயிரோடு இல்லை. இதைத்தான் அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். கடைசியாக, "அம்மா... ஷீ மேட் அட் மீ?" என்றாள். அம்மாவுக்கு என் மேல் கோபமா?

இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்த பெண் அவள். அவள் பேசியதில் ஒரு வரிகூட என் வகுப்பில் தேறியிருக்காது. மூன்று தடவை எழுந்து நிற்க வைத்திருப்பேன்.

நான் பதிலுக்கு ஒரு நீளமான வாக்கியத்தைத் தொடங்கினேன். அது முடிவதற்குள் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

"யூ நோ க்ரை!" என்று ஒரு அதட்டல். "மீ அம்மா. யூ மை பொண்ணு. ஆங்ரி நோ, நோ, நோ! பேக் பெயின்? லெப்ட் ஸ்லீப். லெப்ட்!"

அவள் புரியாமல் விழித்தாள். உடனே அக்கா என்ன செய்தார் என்றால், முன்வரிசை பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டார். மேஜையில் நான் திருத்துவதற்காக அடுக்கி வைத்திருந்த நோட்டுக் கட்டைக் கை நீட்டிக் கேட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். அதைத் தலையணை போல முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக் காட்டினார். போனை ஒரு நர்சிங் பெண் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மருமகள் சோபாவில் அதே மாதிரி சாய்ந்து படுத்து, ஒரு தலையணையை முழங்காலுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். "லைக் திஸ்?" "யெஸ், யெஸ். குட் பொண்ணு!"

கண்ணீரோடு அவள் சிரித்தாள். வகுப்பே சிரித்தது. "லவ் யூ, அம்மா" என்றாள். அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சேம் சேம்" என்றார்.

போனை வைத்ததும் அக்காவுக்குத் திடீரென்று வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அவசரமாக எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, கைகட்டி நின்றார். "அவ அழுததும் மனசு கேக்கல. தப்புத்தப்பா பேசிட்டேன் டீச்சர். மூணு தடவ சொல்லிடறேன். எப்படி சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதில் திருத்த என்னிடம் எதுவுமே இல்லை.

அன்று எல்லோரும் போன பிறகு நர்சிங் படித்த பெண் ஒருத்தி மட்டும் தயங்கி நின்றாள். தப்பே செய்யாத பிள்ளை என்று நான் நாலு மாதமாக மெச்சிக்கொண்டிருந்தவள். அவள் வகுப்பில் வாயே திறந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அந்த அக்கா மாதிரி நானும் பேசலாமா மிஸ்?" என்று கேட்டாள். மறுநாள் முதல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன். திருத்துவது உண்டு, ஆனால் பேசி முடித்த பிறகுதான்.

ஐப்பசியில் அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள். அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. தினமும் மருமகளோடு ஒரு மணி நேரம் பேச்சாம், நேரம் எங்கே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது பார்த்தால், "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு மாதம் அவர் வாயைக் கட்டிப்போட்டவள் நான்தான் என்பது இன்றுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் நன்றி சொல்லும்போதெல்லாம் நான் தலை குனிந்துதான் நிற்கிறேன்.