பெட்ரோல் போட வந்த அண்ணன்

என் அண்ணன் ஞாயிறு தவறாமல் செம்பனார்கோயிலிலிருந்து கோட்டுச்சேரிக்கு வண்டியில் வருவார். என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் காரைக்கால் பக்கம் பெட்ரோல் விலை குறைவு, அதற்காக வருகிறாராம். டேங்கை நிரப்பிக்கொண்டு, "அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றபடி செருப்பைக் கழற்றுவார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, பக்கத்துக் கிளிஞ்சல்மேட்டு மீனைப் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு சாயங்காலம்தான் கிளம்புவார்.

அப்போது என் மகள் பள்ளிக்கூடத்தில் கார்பன் தடம் பற்றிப் பேச வேண்டியிருந்தது. குளித்த ஈரக்காலோடு, நான் துடைத்துவைத்த தரையெல்லாம் நடந்து அர்த்தம் கேட்டாள். வந்த கோபத்திலேயே பாடம் நடத்தினேன்.

"நீ போன எடமெல்லாம் தெரியுதுல்ல? அது மாதிரிதான். வண்டி ஓட்டுனா, கரண்ட் எரிச்சா, சோத்தை வீணாக்குனா எல்லாத்துக்கும் பின்னால புகை இருக்கு. அது காத்துலயே தங்கி பூமியைச் சூடாக்கும். இந்தத் தடம் காஞ்சிடும், அது லேசுல போவாது."

"கொறைக்க என்னம்மா பண்றது?"

"ஆளில்லாத ரூம்ல ஃபேனை நிறுத்து. கடைக்கு நடந்து போ. தூரம்னா பஸ்ல போ, அத்தனை பேருக்கும் ஒரே புகைதான்."

அன்றிலிருந்து வீட்டில் அவள்தான் போலீஸ். ஞாயிறன்று அண்ணனும் மாட்டினார்.

"பெட்ரோலை மிச்சம் பண்ண அவ்வளவு தூரம் பெட்ரோலை எரிச்சிட்டு வர்றீங்களா மாமா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் செய்தால், "பாப்பா சொல்றது நியாயந்தானே" என்றார். எனக்கு அழுகை முட்டியது. கல்யாணமாகி வந்த ஊரில் எனக்கென்று வருகிற ஆள் அவர் ஒருவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் போனைப் பிடுங்கினாள்.

"பெட்ரோல் போட வராதீங்க மாமா. அம்மாவைப் பாக்க பஸ்ல வாங்க."

வந்தார். கசங்கிய சட்டையோடு வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அண்ணன்காரன் வாராவாரம் வெறுங்கையோட வர்றானேன்னு மாப்ள நெனச்சிடக் கூடாதுல்ல. அதான் பெட்ரோல்னு சொல்லிட்டு வந்தேன்."

தங்கை வீட்டுக்குச் சீர் இல்லாமல் போகக் கூடாதென்று அவர் மண்டையில் யார் ஏற்றினார்களோ, அவர்கள்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். நன்றாகத் திட்டிவிட்டுத்தான் சோறு போட்டேன். பஸ்ஸில் வந்ததால் அவசரம் இல்லை என்று அன்று இரவும் தங்கினார்.

இப்போது அவருக்கு மூட்டுவலி. மகளும் வெளியூரில் வேலையில் இருக்கிறாள். ஞாயிறானால் நான்தான் செம்பனார்கோயிலுக்குப் பஸ் ஏறுகிறேன். வெறுங்கையோடுதான் போகிறேன். எதற்கு வந்தாய் என்று அவர் கேட்பதில்லை. வாசலில் நாற்காலி போட்டு, காலையிலிருந்தே பஸ் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.